ஈகாஸ் திட்டம் சின்ன லேப்புக்குப் பிரயோஜனமா? அம்பையிலிருந்து ஒரு மதிப்புரை

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: லேப்பின் வேலையையே வெளியிலிருந்து பரிசோதிக்கிற ஈகாஸ் திட்டத்துக்குக் கட்டுகிற பணம் வீண் போகாது. ஊர்ப்பக்கம் செமி ஆட்டோ அனலைசர் (பாதி வேலையைக் கையால் செய்கிற பரிசோதனை மெஷின்) வைத்து லேப் நடத்துகிற எல்லாரும் அதில் சேர வேண்டும். ஆனால் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., அல்கலைன் பாஸ்பட்டேஸ் மாதிரி, ஈரல் நிலையைப் பார்க்கிற என்சைம் (நொதி) பரிசோதனைகளில் அந்தத் திட்டம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு சேர வேண்டும். மாதாமாதம் நல்ல மதிப்பெண் வருகிறது, ஆகவே நம் லேப் எண்தான் சரியான எண் என்று நினைத்துவிட்டால் நோயாளிக்கு நஷ்டம்.

நானும் என் வீட்டுக்காரரும் அம்பாசமுத்திரத்தில் லேப் வைத்திருக்கிறோம். மெஷின் என் பொறுப்பு. அவர் கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், ஆழ்வார்குறிச்சி என்று வண்டியில் போய் வீட்டுச் சாம்பிள் எடுத்து வருவார். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அடுத்த மாதமே வேறு வேலையாகப் பாளையங்கோட்டைக்கோ தென்காசிக்கோ போய், அங்கே ஒரு லேப்பில் அதே டெஸ்டை எடுப்பார்கள். இரண்டு தாளையும் சேர்த்து டாக்டர் மேஜையில் வைப்பார்கள். அதனால் லேப்புக்கு லேப் எண் ஒத்துப்போவது எங்களுக்குப் புத்தக விஷயம் இல்லை, தினசரி விஷயம்.

ஈகாஸ் என்றால் லேப்பையே பரிசோதிக்கிற திட்டம். பதிவு செய்துகொண்ட லேப்புகளுக்கெல்லாம் ஒரே சீரத்தைப் பங்கு போட்டு அனுப்புவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நோயாளி சாம்பிள் மாதிரியே ஓட்டி எண்ணை அனுப்ப வேண்டும். எல்லாருடைய எண்ணையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, நாம் எங்கே நிற்கிறோம் என்று ரிப்போர்ட் வரும். 1947இல் பெல்க், சண்டர்மன் என்ற இருவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரி லேப்புகளுக்கு ஒரே மாதிரியான சாம்பிள்களை அனுப்பிப் பார்த்து, வந்த எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று வெளியிட்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது. நம் நாட்டில் பல திட்டங்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவ உயிர்வேதியியல் துறை நடத்துவதை அறியாத லேப்காரர் இருக்க மாட்டார். லேப்புகளுக்குத் தரச் சான்று தருகிற என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வாங்க நினைப்பவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்றில் சேர்வது கட்டாயம். நான் எதில் இருக்கிறேன் என்று பெயர் போடவில்லை. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் உலர்ந்த சீரம் அனுப்புகிற எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும்.

முதலில் பெட்டியைப் பற்றி. சின்னக் கண்ணாடி வயலில் உலர்ந்த பொடி வரும். டிஸ்டில்டு வாட்டரை அளந்து விட்டுக் கரைக்க வேண்டும். இந்த இடத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். சிரிஞ்சில் தோராயமாகத் தண்ணீர் விட்டால் சுகரிலிருந்து எஸ்.ஜி.பி.டி. வரைக்கும் எல்லா எண்ணும் ஒரே திசையில் சாய்ந்து நிற்கும். நல்ல வால்யூமெட்ரிக் பிப்பெட் வேண்டும். குலுக்கக் கூடாது, நுரை கட்டும். மெல்லச் சுழற்றி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி சுழற்ற வேண்டும். அல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. உலர்த்திய சீரத்தில் தண்ணீர் பட்ட பிறகு இந்த என்சைம் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். காலையில் கரைத்து உடனே ஓட்டியவருக்கு ஒரு எண், சாயங்காலம் ஓட்டியவருக்குக் கூடுதல் எண். கையேட்டில் எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்கிறார்களோ அவ்வளவு நேரம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பார்சலைக் கூரியர் ஆபீசில் கிடக்கவிடாமல் அன்றைக்கே போய் வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பதும் நம் வேலைதான்.

ஒரு விஷயம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாம்பிள் வந்த வாரம் எனக்குப் போன் வரும். "என்னக்கா, உங்களுக்கு எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு வந்துச்சு? எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு." நான் சொல்வதில்லை. எண்ணைக் கேட்டுத் திருத்தி அனுப்புகிறவர் தன் மெஷினைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார். நமக்கு முன்னால் உட்காரும் நோயாளிக்கு அந்த மதிப்பெண்ணால் ஒரு பைசா லாபம் இல்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் நம் எண் இருக்கும், நம் மாதிரியே அதே மெத்தடில் ஓட்டியவர்களின் சராசரி இருக்கும், அந்தச் சராசரியிலிருந்து நாம் எத்தனை எஸ்.டி. (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறுகிற அளவு) தள்ளி நிற்கிறோம் என்று இருக்கும். இரண்டுக்குள் இருந்தால் நிம்மதி, மூன்றைத் தாண்டினால் உட்கார்ந்து காரணம் தேட வேண்டும். பிப்பெட் தேய்ந்திருக்கிறதா, லேம்ப் மங்கிவிட்டதா, சாம்பிள் ஓடுகிற ஃப்ளோ செல் 37 டிகிரியில் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். இந்த வேலைக்கு ஈகாஸ் மாதிரி உதவி வேறில்லை. தினமும் ஓட்டுகிற, எண் முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரம் நம் மெஷின் நேற்று மாதிரி இன்றும் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஊரோடு ஒத்துப்போகிறோமா என்று அதற்குத் தெரியாது.

ஆனால் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "அதே மெத்தடில்". என்சைம் கதை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

சுகர், யூரியா எல்லாம் பொருள். ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று அளக்கலாம். என்சைமை நாங்கள் அப்படி அளப்பதில்லை, அது ஒரு நிமிஷத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிறோம். எங்கள் பக்கத்துப் பீடிக் கம்பெனியில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணாமல், ஒரு மணி நேரத்தில் எத்தனை பீடி விழுந்தது என்று பார்த்துக் கணிப்பது மாதிரி. இலை நன்றாக நனைந்திருந்தால் ஒரு எண்ணிக்கை, காய்ந்து நொறுங்கினால் வேறு எண்ணிக்கை. என்சைமுக்கு அந்த இலை என்பது வெப்பநிலை, பி.ஹெச். என்கிற அமில-கார அளவு, அதை நிலையாக வைக்கிற பஃபர் கரைசல், நாம் ஊற்றுகிற ரீஏஜென்ட் என்கிற ரசாயனக் கரைசலின் செறிவு, கூட இருக்க வேண்டிய துணைப்பொருள். இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். இரண்டு லேப்புமே தவறில்லாமல் வேலை செய்தாலும் மாறும்.

நான் வேலை பழகிய இடத்தில் இருந்த அண்ணாச்சி ரைட்மன், ஃபிராங்கல் முறையில் எஸ்.ஜி.பி.டி. பார்ப்பார். வாட்டர் பாத்தில் அரை மணி நேரம், பிறகு நிறம் வரவழைக்கிற டி.என்.பி.ஹெச். ரசாயனம், பிறகு காரம் ஊற்றியதும் செம்பழுப்பு நிறம் வரும், அதைக் கலரிமீட்டரில் படிப்பது. 1957இல் வந்த முறை. அல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு கிங், ஆம்ஸ்ட்ராங் யூனிட். பெரியவர்களுக்கு 3 முதல் 13 வரை நார்மல். ஒரு கே.ஏ. யூனிட் இன்றைய கணக்கில் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு யூனிட். 1961இல் சர்வதேச என்சைம் கமிஷன், ஒரு நிமிஷத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாறினால் ஒரு யூனிட் என்று வரையறுத்தது. அப்போது 25 டிகிரி என்றார்கள், 1964இல் 30 டிகிரி என்றார்கள். யூனிட் பெயர் ஒன்றாகிவிட்டதே தவிர, அளக்கிற நிலைமைகள் ஒன்றாகவில்லை. ஐ.எஃப்.சி.சி. என்கிற சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு 2002இல்தான் 37 டிகிரிக்கான மேற்கோள் முறைகளை (மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அடிப்படை முறைகளை) எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., ஜி.ஜி.டி., எல்.டி.ஹெச்., சி.கே. ஆகிய என்சைம்களுக்கு வெளியிட்டது. அல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த மேற்கோள் முறையில் எல்லாம் அளவோடு எழுதப்பட்டிருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. என்றால் பி.ஹெச். 7.15, அலனின் லிட்டருக்கு 500 மில்லிமோல், ஆக்ஸோகுளுட்டரேட் 15, அதோடு பைரிடாக்சல் பாஸ்பேட் 0.1. கடைசியாகச் சொன்னது வைட்டமின் பி6இன் வேலை செய்யும் வடிவம். அது ஒட்டிக்கொண்டால்தான் எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் வேலை செய்யும். ரத்தத்தில் இருக்கிற என்சைமில் ஒரு பங்கு அது இல்லாமல் சும்மா இருக்கும். ரீஏஜென்ட்டில் பைரிடாக்சல் பாஸ்பேட் இருந்தால் அந்தப் பங்கும் எழுந்து வேலை செய்யும், எண் கூடும். இல்லாவிட்டால் அந்தப் பங்கு கணக்கிலேயே வராது. சந்தையில் விற்கும் கிட்டுகளில் இரண்டு வகையும் இருக்கிறது. இரண்டு பெட்டியின் மேலும் ஐ.எஃப்.சி.சி. என்று பெரிதாகப் போட்டிருக்கும். பி6 சேர்க்காதது என்பது உள்ளே மடித்து வைத்த தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். இது எனக்கு மிகவும் கோபம் தருகிற விஷயம்.

யாருக்கு வித்தியாசம் அதிகம் விழும் தெரியுமா? உடம்பில் பி6 குறைந்தவர்களுக்கு. குடிப்பழக்கம் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், அப்புறம் டி.பி. மருந்து சாப்பிடுகிறவர்கள். டி.பி. மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் பி6ஐக் குறைக்கும் என்பதால்தான் கூடவே பைரிடாக்சின் மாத்திரை தருகிறார்கள். அதே டி.பி. மருந்துகள் ஈரலையும் பாதிக்கலாம் என்பதால்தான் எஸ்.ஜி.பி.டி. பார்க்கிறோம். ஆகவே எண் சரியாக வர வேண்டிய ஆள்களிடமே எண் குறைந்து வர வாய்ப்பு அதிகம்.

பீடி சுற்றுகிற ஒரு ஆச்சி டி.பி. மருந்தில் இருந்தார். சோறு இறங்கவில்லை, வாந்தி. எங்கள் லேப்பில் எஸ்.ஜி.பி.டி. 98. இரண்டு நாள் கழித்து மகன் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போன இடத்தில் 127. ஆச்சி இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏ தாயி, நீ ஒண்ணு சொல்லுதே, அவன் ஒண்ணு சொல்லுதான். எனக்கு ஈரல் ஒண்ணுதானட்டி இருக்கு?"

அவர் கேட்டது நியாயம். இரண்டு தாளிலும் நார்மலுக்கான மேல் வரம்பு 40 என்று அச்சாகியிருந்தது. அறிகுறி இருக்கிற டி.பி. நோயாளிக்கு எஸ்.ஜி.பி.டி. வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவது வழக்கம். அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கு. 40இன் மூன்று மடங்கு 120. ஒரு தாளின்படி மருந்து தொடரும், இன்னொரு தாளின்படி நிற்கும். இரண்டு நாளில் ஈரலே மோசமாகியிருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. அதனால் ஆச்சியிடம் அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுத்து, ஒரே சீரத்தை எங்கள் வழக்கமான ரீஏஜென்ட்டிலும், டீலர் மாதிரிக்குக் கொடுத்திருந்த பி6 சேர்ந்த ரீஏஜென்ட்டிலும் ஓட்டினேன். ஒன்றில் 101, மற்றதில் 129. மெஷின் ஒன்று, சீரம் ஒன்று, ஓட்டிய கை ஒன்று. டாக்டருக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். அவர் மருந்தை நிறுத்தினார். எண் இறங்கிய பிறகு ஒவ்வொரு மருந்தாகத் திரும்ப ஆரம்பித்தார்.

இப்போது ஈகாஸ் ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அந்த மாதங்களில் எங்கள் எஸ்.ஜி.பி.டி. மதிப்பெண் அருமையாகத்தான் இருந்தது. ஏனென்றால் பி6 சேர்க்காத கிட் வைத்திருப்பவர்களின் குழுவோடு எங்களை ஒப்பிட்டார்கள், அந்தக் குழுவில் நாங்கள் நடுவில் நின்றோம். பாளையங்கோட்டை லேப்பும் அதன் குழுவில் நடுவில் நின்றிருக்கும். இரண்டு பேருக்கும் நல்ல மதிப்பெண். ஆச்சிக்கு இரண்டு எண்.

அல்கலைன் பாஸ்பட்டேஸில் இடைவெளி இன்னும் பெரிது. ஏ.எம்.பி. பஃபரில் ஓட்டுவதும் டி.இ.ஏ. பஃபரில் ஓட்டுவதும் கிட்டத்தட்ட இரண்டு வேறு டெஸ்ட். அதே சீரம் டி.இ.ஏ.வில் இரண்டு மடங்கு, சில நேரம் அதற்கு மேலும் காட்டும். 120 பக்கம் வரம்பு போடும் கிட்டும் 300 பக்கம் வரம்பு போடும் கிட்டும் ஒரே டீலர் கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஐ.எஃப்.சி.சி. மேற்கோள் முறை ஏ.எம்.பி.தான். எல்.டி.ஹெச்.சும் அப்படியே: பைருவேட்டிலிருந்து லாக்டேட்டுக்குப் போகும் முறை, எதிர்த்திசை முறையைவிடச் சுமார் இரண்டு மடங்கு காட்டும். ஜி.ஜி.டி.யில் இவ்வளவு தொந்தரவு இல்லை.

குழுக்களுக்கு நடுவே எந்த எண் உண்மைக்குப் பக்கம் என்று ஈகாஸ்காரர்கள் ஏன் சொல்வதில்லை? அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, சாம்பிளின் குணம் அப்படி. உலர்த்திப் பதப்படுத்திய சீரம், அப்போது எடுத்த மனித சீரம் மாதிரி எல்லா மெத்தடிலும் நடந்துகொள்ளாது. அளவை ஏற்றுவதற்கு விலங்கு என்சைம் சேர்த்திருந்தால் இன்னும் வேறுபடும். அந்த வயலில் இரண்டு மெத்தடுக்கு நடுவே தெரிகிற வித்தியாசம் நோயாளி ரத்தத்தில் அதே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் குழு குழுவாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள். நெதர்லாந்தில் 'காலிப்ரேஷன் 2000' என்று ஒரு முயற்சி எடுத்து, மனித சீரத்தை உறையவைத்து, மேற்கோள் முறையில் எண் குறித்து, அதை எல்லா லேப்புக்கும் அனுப்பிப் பார்க்கிற பாதைக்குப் போனார்கள். அப்படிச் செய்தால் குழு சராசரியைத் தள்ளிவைத்துவிட்டு உண்மை எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடலாம். நம் திட்டங்கள் போக வேண்டிய பாதை அது.

இன்னொன்று, சின்ன லேப்புகளுக்கே உரியது. செமி ஆட்டோவில் எஸ்.ஜி.பி.டி.க்கு 1768 என்று ஃபேக்டர் (மெஷின் படிக்கிற மாற்றத்தை யூனிட்டாக்குகிற பெருக்கல் எண்) போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட், 100 மைக்ரோலிட்டர் சீரம், என்.ஏ.டி.ஹெச். என்ற பொருள் ஒளியை உறிஞ்சுவதைக் குறிக்கிற 6.22 என்ற எண், இவற்றை வைத்துக் காகிதத்தில் போட்ட கணக்கு அது. பிப்பெட் சரியாக இழுக்க வேண்டும், ஃபில்டர் சரியாக 340 நானோமீட்டரில் நிற்க வேண்டும், செல் சரியாக 37 டிகிரியில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கணக்கு பலிக்கும். அதற்குப் பதில் ஐ.எஃப்.சி.சி. மேற்கோள் முறை வரைக்கும் தொடர்பு காட்டுகிற காலிப்ரேட்டர் (சரியான எண் குறித்த சீரம்) வாங்கி, அதை வைத்து ஃபேக்டரை நம் மெஷினிலேயே எடுக்கலாம். ஆனால் ரீஏஜென்ட்டும் அதே முறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பி6 இல்லாத ரீஏஜென்ட்டுக்கு காலிப்ரேட்டர் போட்டால் சராசரி ஆளுக்கு எண் ஒத்துவரும், பி6 குறைந்த ஆச்சிக்கு ஒத்துவராது. அதனால் நாங்கள் ரீஏஜென்ட்டையும் மாற்றினோம். விலை கூடுதல்தான். டெஸ்ட்டுக்கு வாங்குகிற காசை நாங்கள் கூட்டவில்லை. எங்கள் ரிப்போர்ட்டில் இப்போது எஸ்.ஜி.பி.டி. என்ற வரிக்குக் கீழே மெத்தட், பி6 சேர்ந்தது, 37 டிகிரி என்று அச்சாகிறது. வரம்பும் அந்த மெத்தடுக்கு உரியது, ஆண் பெண் தனித்தனியாக. அம்பையில் இரண்டு டாக்டர்கள் இப்போது மற்ற லேப் தாள்களிலும் அந்த வரியைத் தேடுகிறார்கள்.

திட்டம் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டணத்தைக் கடைசியாகக் கேளுங்கள். பதிவுப் படிவத்தில் எஸ்.ஜி.பி.டி.க்கு பி6 சேர்ந்தது, சேராதது என்று தனித்தனி மெத்தட் குறியீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அல்கலைன் பாஸ்பட்டேஸில் ஏ.எம்.பி.யையும் டி.இ.ஏ.யையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரிக்கு அர்த்தமே இல்லை. நம் மெத்தட் குழுவில் எத்தனை லேப் இருக்கிறது என்றும் கேளுங்கள். நாலைந்து பேர் மட்டும் உள்ள குழுவில் நடுவில் நிற்பது ஒன்றையும் நிரூபிக்காது. ரிப்போர்ட் சீக்கிரம் வருகிறதா என்பதும் முக்கியம். இரண்டு மாதம் கழித்து வந்தால் அந்த ரீஏஜென்ட் பாட்டிலே தீர்ந்திருக்கும், எதைப் போய்ச் சரிபார்ப்பது? என் திட்டத்தில் இந்த விஷயங்களில் குறை சொல்ல இடமில்லை. போன் செய்தால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அந்த மீதி ஒன்று உறையவைத்த மனித சீரத்துக்காக. உறைந்த சீரத்தைக் கூரியரில் அம்பை வரை அனுப்புவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எஸ்.ஜி.பி.டி. மைனஸ் 20 டிகிரியில் கூட நன்றாக நிற்காது, மைனஸ் 70 வேண்டும், எங்களிடம் அந்த ஃப்ரீசர் கிடையாது. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரே இடத்தில் இறக்கினால் போதும். இங்கே என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. அங்கே எடுத்து வைத்து ஒரு குறிப்பிட்ட நாளில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லட்டும். வள்ளியூர், களக்காடு, அம்பை என்று எல்லாரும் ஐஸ் பெட்டியோடு காலையில் வந்து வாங்கி, மதியத்துக்குள் ஓட்டி எண்ணை அனுப்பிவிடலாம். அதற்குத் தனிக் கட்டணம் போட்டாலும் நாங்கள் கட்டுவோம் என்று இந்த வருஷப் புதுப்பிப்புப் படிவத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன்.